பதினாலு கிலோ எட்வின்

அசையாமல் உட்காரு என்று சொன்ன மறுநொடியே மனுஷனுக்கு மூக்கு அரிக்கும், எனக்கு மூக்கு, முதுகு, இடது குதிகால், ஹெல்மெட்டுக்குள் ஒரு காது மடல் எல்லாம் ஒட்டுக்கா அரிக்கிறது, கையைத் தூக்கினால் எடை மெஷினில் சிவப்பு எண் துள்ளும், துள்ளினால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கிடக்கும் கிரி அண்ணன் 'துருவா' என்பான், திட்டமாட்டான், வெறும் பேரைச் சொல்லுவான், திட்டினாலாவது அதே குரலில் திருப்பித் திட்டிக் காட்டலாம், களைப்பாகப் பேரைச் சொல்கிறவனை என்ன செய்வது. மெஷின் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மத்தியானத்துக்கு மட்டும் கேட்டு வாங்கி வந்தது, ஒன்றே ஒன்றுதான், அதனால் ஒரு சக்கரம் மெஷின் மேலே, மற்ற மூன்றும் அதே உயரத்துக்கு அடுக்கிய பலகை மேலே, ஒரு மூலை பார்த்து முடிந்ததும் ஜாக்கி போட்டுத் தூக்கி மெஷினை அடுத்த மூலைக்கு நகர்த்தணும், நாலு மூலைக்கும் நான் உள்ளேயே இருக்கணும், பெல்ட் போட்டு, ஹெல்மெட் போட்டு, ரேஸ் அன்றைக்கு இருக்கிற மாதிரியே. எண் நின்றதும் மெஷின் கீச் என்கிறது. அந்தக் கீச்சை முதல் மூலையிலேயே பிடித்துவிட்டேன், எண் நிற்பதற்கு முன்பே நான் கீச் என்க, அண்ணன் தப்பான எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு, திரும்பிப் பார்த்து, உள்ளங்கையால் அழித்தான். சிரிக்கவில்லை. போன வருஷம் இதே ஷெட்டில் பார்ட்ஸ் கடைப் பொன்னுச்சாமி அங்கிள் குரலில் போன் போட்டு, உங்க கியர்பாக்ஸை மாத்திக் குடுத்துட்டனுங் தம்பி, சித்தெ கொண்டாங்க என்று சொல்லி அவனைக் கடை வரைக்கும் ஓட விட்டேன், திரும்பி வந்து வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அந்த அண்ணன் எங்கே போனான். போனவனைப் பற்றி நினைத்தால் மடி கனக்கிறது. மடி கனப்பதற்குக் காரணம் வேறே, மடியில் அரிசிச் சாக்கு இருக்கிறது, அம்மாவின் பொன்னி அரிசி, அளந்து போட்டு வாயைக் கட்டியது, பதினாலு கிலோ. நான் பிளஸ் பதினாலு கிலோ அரிசி, ஈக்குவல் டு எட்வின். எட்வின் டியூட்டியில் இருப்பதால் எட்வினுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருக்கிறேன், நான் மட்டும் போதாது என்பதால் அரிசியும் உட்கார்ந்திருக்கிறது.

அதிகபட்ச எடைக்குப் பாத்து வெச்சா ரெண்டு பேருக்கும் ஆகும்டா என்றுதான் அண்ணன் சொன்னான், சாக்கை மடியில் வைக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல். யார் ஓட்டுவது என்பதை ஸ்பிரிங் போட்ட பிற்பாடு பார்த்துக்கலாமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை சீசனின் முதல் ரேஸ், கார் ஒன்று, சீட் ஒன்று, அதில் நானா எட்வினா. இந்தப் பழைய எஸ்டீம் காரை வாங்கி வந்த நாளில் கதவுக்குள்ளிருந்து எலிக்கூடு எடுத்தது நான், சீட்டெல்லாம் பிடுங்கிப்போட்டு உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு பற்ற வைத்தபோது டார்ச் பிடித்தது நான், எட்வின் அப்போது எந்த ஊரில் எந்த ரோட்டில் இருந்தாரோ. சுவரோரம் பேப்பர் விரித்து ரெண்டு ஜோடி ஸ்பிரிங் வைத்திருக்கிறான், நீலம் ஒரு ஜோடி, மஞ்சள் ஒரு ஜோடி, முன்பக்கத்துக்கு. நீலம் இறுக்கமானது, மஞ்சள் கொஞ்சம் இளக்கம். உயரத்தைத் திருகித் திருகி மாற்றுகிற சாமான் எல்லாம் ஓசூர் டீம்காரர்கள் போட்டுக்கொண்டு வருவார்கள், நமக்கு உள்ளூரில் கட்டித் தந்த ஷாக் அப்சார்பரும் இந்த ஸ்பிரிங்கும்தான், அதிலும் ரெண்டு ஜோடி வாங்க வழியில்லை, பொன்னுச்சாமி அங்கிள் ரெண்டையும் கொடுத்தனுப்பி, 'ஏனுங் தம்பி, போட்டுப் பாத்துப்போட்டு வேண்டாம்னு கொண்டாந்தீங்கன்னா எடுத்துக்க மாட்டனுங், பெயிண்ட் உரியாம வந்தாத்தானுங் ரிட்டனு' என்றுவிட்டார், இதை நான் நினைக்கும்போதே தொண்டைக்குள் அவருடைய வெற்றிலைக் கொழகொழப்பு வந்துவிடுகிறது, வாயைத் திறந்தால் ஷெட்டுக்குள் அவர் நிற்பார். அதனால் போட்டுப் பார்க்க முடியாது, எடையை வைத்து முடிவு பண்ணணும். அங்கிள் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார், அண்ணன் அதைச் சுவரில் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருக்கிறான், முன் வலது சக்கரம் இருநூற்று நாற்பதைத் தாண்டினால் நீலம், தாண்டாவிட்டால் மஞ்சள். ஏன் முன் வலது என்றால் டிரைவர் உட்கார்வது அந்தப் பக்கம், நம்ம டிராக்கில் அந்த நீள இடது வளைவில் மொத்தக் காரும் சாய்ந்து உட்காருவதும் அந்தச் சக்கரத்தின் தலையில்தான். கனமான டிரைவருக்கு நீலம், லேசான டிரைவருக்கு மஞ்சள். அப்படியென்றால் நீலம் எட்வின், மஞ்சள் நான். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை, அவன் எதைத்தான் சொல்கிறான், ஆனால் காலையிலிருந்து பேப்பர் மேலே இருக்கிற அந்த நாலு சுருளையும் பார்க்கும்போதெல்லாம் நீல ஜோடி எட்வின் மாதிரியே காலை அகட்டிக்கொண்டு நிற்கிறது.

எட்வின் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அதுதான் கெரகமே. பேக்கரிக்காரனாக இருந்தால், ஜிம்முக்குப் போகிறவனாக இருந்தால் கிண்டலாவது பண்ணலாம், உயிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கிண்டல் பண்ண. அண்ணனோடு பாலிடெக்னிக்கில் படித்தவராம், நடுவில் காணாமல் போய், மூணு மாசத்துக்கு முன்னால் ஷெட் வாசலில் வந்து நின்றார், அன்றைக்கே அண்ணன் தன்னுடைய டீயை அவருக்குக் கொடுத்தான், தன்னுடையதை, எனக்கு வாங்கி வந்ததை இல்லை, அதுதான் எரிகிறது, என்னுடையதைப் பிடுங்கிக் கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒரு சனிக்கிழமை டிராக்கில் ரெண்டு பேரையும் ஓட்ட விட்டான். நான் முதலில். நான் ஓட்டினால் கார் கத்தும், டயர் கத்தும், ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கல்லெல்லாம் படபடவென்று அடிக்கும், நானும் ஹெல்மெட்டுக்குள் கத்துவேன், கமெண்டரிக்காரன் மாதிரி, என்னுடைய ரேஸுக்கு நானே கமெண்டரி. அப்புறம் அவர். சத்தமே இல்லை. பின்னால் யாரையோ படுக்கவைத்துக்கொண்டு போகிற மாதிரி ஓட்டினார், ஸ்பீட் பிரேக்கரில் ஸ்ட்ரெச்சர் ஆடக்கூடாது என்கிற மாதிரி, பார்த்தால் மெதுவாகத்தான் தெரிந்தது, அண்ணன் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அமுக்கினான், நான் எட்டிப் பார்க்கப்போனேன், பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். போன வருஷமெல்லாம் நான் இறங்குவதற்கு முன்னாலேயே ஜன்னலில் கையை விட்டு வாட்சைக் காட்டுவான். பழைய ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது, செத்த ஸ்பிரிங்கில் மெதுவாக ஓட்டுகிறவனுக்குத்தான் நேரம் வரும், மஞ்சள் போட்டுப் பார் அப்போது தெரியும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியாயிற்று, மனசுக்குள். இன்னொன்று, இதை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு எட்வின் குரல் வராது. எங்கள் ஹெட்மாஸ்டர் வருவார், பதினொண்ணாம் நம்பர் பஸ் கண்டக்டர் வருவார், குக்கர் வரும், பக்கத்து வீட்டு அல்சேஷன் வரும், ஜோசியர் வருவார், ஒரு சிலிண்டரில் நெருப்பு வராத மூணு சிலிண்டர் இன்ஜின் வரும், அண்ணன் என்றால் அம்மாவே ஏமாந்துபோய் 'சாப்ட்டியா கிரி' என்பாள். எட்வின் மட்டும் வரமாட்டார். ராத்திரி பாத்ரூமில் பைப்பைத் திறந்துவிட்டு முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஒரு குரல் என்றால் பிடித்துக்கொள்ள, டீ கப்புக்கு மாதிரி, எங்காவது ஒரு காது இருக்கும், அந்தாளுடையது வழவழவென்று போய்விடுகிறது. தம்பி என்பார், அவ்வளவுதான். எல்லோரும்தான் தம்பி என்கிறார்கள், அவர் சொன்னால் மட்டும் நான் நிஜமாகவே சின்னப் பையன் ஆகிவிடுகிறேன்.

இடதுபக்கம் ரெண்டு மூலையும் முடிந்தது. எண்ணை எழுதிவிட்டு அண்ணன் மெஷினை இழுத்துக்கொண்டு முன்பக்கமாகச் சுற்றி வருகிறான், பலகைகளை மாற்றி அடுக்குகிறான், அடுத்தது முன் வலது, வட்டம் போட்ட எண். எனக்கு ஒரு யோசனை வருகிறது, வந்தவுடன் பின்கழுத்தில் ஜில் என்கிறது, நல்ல குறும்பு வரும்போது எப்போதும் அங்கேதான் ஜில் என்னும். தலைக்கு மேலே கூண்டுக் குழாய் இருக்கிறது, அதை ரெண்டு கையாலும் பிடித்து என்னை நானே மேலே தூக்கினால் சீட்டில் என் பாரம் குறையும், குறைந்தால் எண் இருநூற்று நாற்பதுக்குக் கீழே போகும். ஆனால் அது பழைய யோசனை, முதல் மூலையிலேயே ஒத்திகை பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினேன், பெல்ட் தோளை அறுத்தது, அண்ணன் எண்ணைச் சொன்னான், ஒரு கிலோகூட இறங்கவில்லை. இறங்காது. குழாயும் கார்தான், கார் மேலேதான் தொங்கிக்கொண்டிருக்கிறேன், தன் தலைமுடியைத் தானே பிடித்துத் தூக்குகிற கதை, பிளஸ் டூ பிசிக்ஸில் நூற்றுக்கு எண்பத்தெட்டு எடுத்தவன் பண்ணுகிற வேலை. எடை எங்கும் போகாது, ஆனால் இடம் மாறுமே. இடதுபக்க எண்கள்தான் ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டதே. சாக்கை இப்போது மடியிலிருந்து இடதுபக்கம் தள்ளிவிட்டால், அந்தப் பக்கம் சீட் கிடையாது, வெறும் தரை, இருட்டு, சாக்கு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், வலதுபக்கம் லேசாகும், இடதுபக்கத்தை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அண்ணன் ஜாக்கியை அமுக்க ஆரம்பிக்கிறான், கார் மூக்கைத் தூக்குகிறது, நல்ல சாய்வு, நான் தள்ளக்கூட வேண்டியதில்லை, தொடையை லேசாக விலக்கினேன், பதினாலு கிலோ எட்வின் தானாகவே சரிந்து, கியர் லீவரை உரசிக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கதவோரம் போய் உட்கார்ந்தார். பொத் என்ற சத்தத்தின் மேலே நான் ஒரு இருமல் போட்டேன். ஜாக்கியில் ஏதோ சத்தம் வருதுண்ணா என்றேன். எண்ணெய் விடணும் என்றான். பாவம். பாவம் என்று தோன்றியது, சந்தோஷமாகவும் இருந்தது, மடி லேசாக, சீட் என்னுடையதாக, இந்த உடம்பு மட்டும் இந்தக் குழிக்குள் எவ்வளவு சரியாக உட்காருகிறது, இடுப்பில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல்.

அப்போதுதான் டேஷ்போர்டில் அண்ணனின் போன் அடிக்கிறது. யாருடா என்கிறான் கீழேயிருந்து, கையெல்லாம் கிரீஸ், எட்வின் என்று பேர் மின்னுகிறது, நான் யாரென்று சொல்வதற்குள் எடுத்துப் பேசு என்கிறான், எடுத்துப் பேசு என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான், சின்ன வயசிலிருந்து அப்படித்தான், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, போனை உள்ளே சொருகி, தாடையைக் கொஞ்சம் இறக்கி, மூச்சைப் பாதி விட்டுவிட்டு, சொல்றா என்றேன், கிரியாக. யோசித்துச் செய்யவில்லை. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாசல் சத்தம், யாரோ வண்டியைத் தள்ளச் சொல்லுகிறார்கள், எட்வின் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருத்தரை இறக்கிவிட்டு இப்போதுதான் நிற்கிறேன் என்றார், அப்புறம், 'கிரி, அந்த ஸ்பிரிங் விஷயம். எனக்கு மஞ்சளே போதும்டா. நம்ம டிராக் ரோடு இருக்கற லட்சணத்துக்கு நீலம் போட்டா துள்ளும்' என்றார். மஞ்சள். என் மஞ்சள். நான் சாக்கைச் சரித்து, இருமி, அண்ணனை ஏமாற்றி வாங்கிய மஞ்சள் நேராக அந்தாள் கைக்கே போகிறது. அண்ணன் குரல் தொண்டையில் அப்படியே நிற்கிறது, நான்தான் உள்ளே எங்கோ விழுந்துகொண்டிருக்கிறேன். உங்களுக்கு மஞ்சள் ஆகாது என்று கத்தலாம், கத்தினால் துருவன் வெளியே வந்துவிடுவான், அதனால் கிரியாகவே, நிதானமாக, 'நீலம்தான்டா. எடை பாத்துட்டுத்தான் சொல்றேன்' என்றேன். சண்டை போடுவார் என்று காத்திருந்தேன், நானாக இருந்தால் போட்டிருப்பேன், ஒரு வாரம் போட்டிருப்பேன். 'செரி, நீ பாத்துப் போட்டா செரிதான், எதைப் போட்டாலும் ஓட்டறேன்' என்றார். இப்படி ஒரு வார்த்தை நான் என் அண்ணனிடம் சொன்னதில்லை, சொல்லத் தோன்றியதே இல்லை, அவன் குரலை வைத்துக்கொண்டு அவனுக்கு வந்த அந்த வார்த்தையை நான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம்தான் அது வந்தது, போகிற போக்கில். 'தம்பிகிட்ட சொல்லிட்டியா? போன வாரமே சொல்றேன்னயே. ஞாயித்துக்கிழமை நான்தான் ஓட்டறேன்னு டிராக்ல வந்து தெரிஞ்சா நல்லாருக்காதுடா.' போன வாரமே. அப்படியென்றால் சுவரும் வட்டமும் நீலமும் மஞ்சளும் எதையும் சொல்லவில்லை, நான்தான் ரெண்டு ஜோடி இரும்புச் சுருளை வைத்துக்கொண்டு ஜோசியம் பார்த்திருக்கிறேன். எட்வின் காத்திருக்கிறார். கிரி என்ன சொல்லுவான் என்று எனக்குத் தெரியும், அவன் வாய் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா. இன்னிக்குச் சொல்லிடறேன் என்றேன்.

போனை வைத்த கை இன்னும் காதோரமே இருக்கிறது. வார்த்தை எதுவும் அண்ணனுக்குக் கேட்டிருக்காது, ஜாக்கிச் சத்தம் அப்படி. ஜாக்கி இறங்குகிறது, சக்கரம் மெஷின் மேலே உட்காருகிறது, எண் ஓடி ஓடி நின்று கீச் என்கிறது, இருநூற்று முப்பத்தெட்டு என்கிறான் அண்ணன், ஆச்சரியமாக, பரவாயில்லையே என்கிறான், மஞ்சளே தாங்கும்டா என்கிறான், சாக்பீஸ் சுவரில் தேய்கிறது. தாங்காது. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, இன்று ஷெட்டில் இது தெரிந்த ஒரே ஆள் நான். பேசாமல் இருந்தால் என்ன. மஞ்சளைப் போடட்டும், ஞாயிற்றுக்கிழமை அந்த நீள இடது வளைவில் எட்வின் தன் முழு எடையோடு போகட்டும், முன்பக்கம் உட்காரும், டயர் மேலே ஏறி ஃபெண்டர் தகரத்தில் உரசும், நேரம் போகும், அண்ணன் ஸ்டாப்வாட்சைப் பார்த்து முகத்தைச் சுளிப்பான், அப்புறம் என்னைத் தேடுவான். அந்த உரசல் எப்படிக் கேட்கும் என்று வாய் தானாகவே போட்டுப் பார்க்கிறது, ஹெல்மெட்டுக்குள், மெதுவாக, பல்லிடுக்கில் காற்றை விட்டு, ரப்பர் தகரத்தில் முதலில் கிசுகிசுவென்று, அப்புறம் கிர்ரென்று, அப்புறம் நூல் நூலாகக் கிழிந்து, அப்புறம் அது பட்டென்று விடுகிற சத்தம். ரொம்ப நன்றாக வந்துவிட்டது. எனக்கு இதுவரை எந்தச் சத்தமும் இவ்வளவு நன்றாக வந்ததில்லை. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், அதைப் போட வாய் வரவில்லை, அந்தாளைத் தூக்கிக்கொண்டு போக எந்த ஆம்புலன்ஸ் வரும், அதை யார் ஓட்டுவார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் பயம் மட்டும் இல்லை, அவர் கேட்டது மஞ்சள், அதை அவருக்குக் கொடுக்கக் கூடாது, அதுவும் உள்ளே சூடாகத்தான் இருக்கிறது, எது முந்திக்கொண்டது என்று கேட்டால் தெரியாது. கையை நீட்டிப் பார்த்தேன். பெல்ட் விடவில்லை. சாக்கு அந்தக் கதவோரம், விரல் நுனிக்கு ஒரு முழம் தள்ளி, அம்மா கட்டிய முடிச்சோடு, என்னைப் பார்த்தபடி இருக்கிறது. அண்ணன் மஞ்சள் ஜோடியைப் பேப்பரிலிருந்து எடுக்கக் குனிகிறான், கை கழுவாமல், கிரீஸோடு.

'அண்ணா. எடுக்காத.'

'ஏன்டா?'

'அந்தப் பக்கம் சாக்கு கெடக்கு. எடுத்து மடியில வை.'

நிமிர்ந்தான். சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கக் கதவைத் திறந்து பார்த்தான். அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை, ஒரு அரிசிச் சாக்கு. எப்போ தள்ளின என்றான். இந்தச் சக்கரத்துக்கு முன்னாடிதான், அந்தப் பக்கத்து ரெண்டும் சரியான எண் என்றேன். சாக்கைத் தூக்கி, கூண்டுக்குள் குனிந்து, என் மடியில் வைத்தான், எறியவில்லை, வைத்தான். கீச். இருநூற்று நாற்பத்திரண்டு. சுவருக்குப் போய் அழித்து எழுதிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

'போன்ல யாரு?'

'எட்வின் அண்ணன். மஞ்சள் போதும்னார்.'

'நீ என்ன சொன்ன?'

'நான் எங்க சொன்னேன். நீதான் சொன்ன. நீலம்தான்னு.'

சாக்பீஸ் நின்றது. சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தான். 'சரியாத்தான் சொல்லியிருக்கேன்' என்றான். தோள் ஒருதரம் குலுங்கியது, சிரிப்பு வருகிறது என்று நினைத்தேன், வரவில்லை, பாதியில் நின்றுபோயிற்று. வேற ஏதாவது சொன்னானா என்றான். சொன்னார் என்றேன். ஷெட்டுக்கு வெளியே அம்மா அரிசி எங்கடா என்று யாரையோ கேட்கிறாள், எங்களைத்தான். அண்ணன் திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், அவன் முகம் என் ஹெல்மெட் உயரத்துக்கு வந்தது.

'அதுக்கு நான் என்ன சொன்னேன்?'

'இன்னிக்குச் சொல்லிடறேன்ன.'

கிரீஸ் கையைப் பார்த்தான், பேன்ட்டில் துடைத்தான், மறுபடி பார்த்தான். 'எட்வின்தான் ஓட்டறான், துருவா' என்றான். போனில் கேட்டதுதான், ஏற்கெனவே தெரிந்ததுதான், இருந்தாலும் அவன் வாயால் வரும்போது அது வேறு எங்கேயோ போய் விழுகிறது, நெஞ்சுக்குக் கீழே, சாக்கு அமுக்கிக்கொண்டிருக்கிற இடத்தில். எனக்குப் பேசுவதற்கு ஐம்பது குரல் இருக்கிறது, ஒன்றும் எழுந்து வரவில்லை. அவன் எழுந்து, இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்கு, உட்கார்றயா என்று கேட்டான். இவ்வளவு நேரமும் உட்காரு உட்காரு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், இப்போது கேட்கிறான்.

'உட்கார்றேன். மொதல்ல இந்தச் சாக்கை எடுத்துட்டு ஒருதரம் பாரு. வெறும் எனக்கு. அதையும் சுவத்துல எழுது.'

சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான், குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி, அப்படியே குனிந்து எண்ணைப் பார்த்தான். கீச் என்றது, நான் இல்லை, மெஷின். எட்வினின் எண்ணுக்குப் பக்கத்தில் என் எண்ணை எழுதினான், எழுதிவிட்டு யோசித்து, அதற்கு முன்னால் துருவன் என்று பேரும் எழுதினான். எட்வினுக்குப் பேர் எழுதவில்லை. எனக்கு மட்டும்தான். சாக்கு மறுபடி மடிக்கு வந்தது, ஜாக்கி கிறீச்சிட்டுக்கொண்டு ஏறியது, நான் ஜன்னல் வழியாக அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதுமா என்று யாராவது கேட்டால், போதாது.